உழைப்பவனுக்கு உப்பும் நீரும்!

மாலை மணி நாலு. லாரியிலிருந்து கடைசி மூட்டையும் இறங்கிவிட்டது. இறக்கியவன் தரையில் கால் வைக்கிறான். வைத்த கால் வைத்தபடி நின்றுவிடுகிறது. கெண்டைக்கால் சதை கல்லாய் இறுகுகிறது. கத்தவும் முடியாமல், கால் மடக்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு துடிக்கிறான்.

"வாயு பிடித்துக்கொண்டது" என்கிறார் ஒருவர். "வயதாகிவிட்டதல்லவா!" என்கிறார் மற்றொருவர். "நேற்றிரவு என்ன ஊற்றிக்கொண்டானோ!" என்று கேலி பேசுகிறார் மேஸ்திரி. அத்தனை பேரில் ஒருவராவது, "காலையிலிருந்து எத்தனை குவளை தண்ணீர் குடித்தாய்?" என்று கேட்டதுண்டா? கேட்கமாட்டார்கள்! அதைக் கேட்டால் அடுத்த கேள்வி தானாகப் பிறக்கும்: "அவன் குடிப்பதற்குத் தண்ணீர் எங்கே வைத்திருந்தீர்கள்?"

அது வாயுவல்ல, தோழர்களே! வயதுமல்ல, விதியுமல்ல! வியர்வையாய் வழிந்தோடிய நீரும் உப்பும் திரும்பக் கிடைக்காத உடல், வேலைநிறுத்தம் செய்கிறது. அவ்வளவுதான்!

உழைக்கும் உடல் ஒரு கொதிகலன். உழைக்க உழைக்க உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் வியர்வை. ஆனால், வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது காற்றில் உலரும்போதுதான் குளிர்கிறது. வேலூரில் வெயில் கொளுத்துகிறது. கொடியில் போட்ட துணி விரைவில் காய்ந்துவிடுகிறது. சென்னையில் கடற்காற்றில் ஈரம். அதே துணி பிசுபிசுவென்று கிடக்கிறது. துணி காயாத காற்றில் வியர்வை எப்படிக் காயும்? உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. குளிராத உடல் மேலும் வியர்வையைக் கொட்டும். புழுக்கத்தின் கொடுமை இதுதான். வெயில் இல்லையே என்று ஏமாந்திருப்போம். மேகமூட்டத்திலும், கூரைக்கடியிலும், சலவைக்கூடத்திலும், கப்பலின் அடித்தளத்திலும் உடல் வற்றிக்கொண்டே இருக்கும்.

கடும் உழைப்பில் மணிக்கு 1 லிட்டர் வியர்வை போகும். அதற்கு மேலும் போவதுண்டு. சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு படிகிறதே, அது அழுக்கு என்றா நினைத்தீர்கள்? உங்கள் உடலை விட்டுப் போன உப்பு! சதை இறுகுவதும் தளர்வதும் நரம்பின் கட்டளையால். அந்தக் கட்டளை ஓடுவதற்கு உப்பிலுள்ள சோடியம் வேண்டும். அது குறைந்தால் இறுகிய சதை தளர மறுக்கிறது. அளவுக்கு மீறிய களைப்பாலும் சதை பிடிக்கும் என்கிறார்கள் மருத்துவ அறிஞர்கள். உண்மை. ஆகவே நீரும் உப்பும் மட்டும் போதா. நிழலும் ஓய்வும் வேண்டும்.

இதை உலகுக்கு உணர்த்தியது யார்? மாளிகையில் விசிறி வீசப்படக் கிடந்தவர்களா? இல்லை, சுரங்கத்திலே உழன்றவர்கள்! பிரிட்டனின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் அனலும் புழுக்கமும் வாட்ட, கரி வெட்டியவர்களுக்குக் கையும் காலும் வயிறும் இழுத்துப் பிடித்தன. 1923ஆம் ஆண்டில் நெவில் மாஸ் என்ற அறிஞர் அதை ஆராய்ந்தார். வியப்பு என்னவென்றால், அவர்கள் தண்ணீர் குடிக்காதவர்களல்லர், ஏராளமாகக் குடித்தவர்கள்! போன உப்பை ஈடு செய்யாமல் வெறும் நீரையே ஊற்றியதால், உடலில் மிச்சமிருந்த உப்பும் நீர்த்துப் போயிற்று. குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்தார்கள், பிடிப்பு தணிந்தது.

அடுத்து, அமெரிக்காவைப் பாருங்கள். கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை எழும்பிய காலம். 1931ஆம் ஆண்டுக் கோடை. பகல் வெப்பம் 48 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றது. ஜூன் 25 முதல் ஜூலை 26 வரை, ஒரே மாதத்தில், தொழிலாளரும் ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தோருமாகப் 16 பேர் வெப்பத்தால் மாண்டனர். ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலிக்குறைப்பை எதிர்த்தனர்; அதோடு கேட்டது என்ன? மாளிகையா? மோட்டாரா? தூய்மையான தண்ணீர்! குடிக்கக் குளிர்ந்த நீர்! ஒழுங்கான கழிப்பிடம்! நிறுவனம் மறுத்தது; வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. அதன்பின் வசதிகள் மேம்பட்டன. 1932ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் டேவிட் புரூஸ் டில் குழுவினர் அங்கே சென்று ஆராய்ந்தனர். சதைப்பிடிப்புக்கு உள்ளானவர்களின் உடலில் உப்பு குறைந்திருப்பதைக் கண்டனர். அணையின் உயரத்தைப் பாடப்புத்தகம் சொல்லும். அதைக் கட்டியவன் குவளை நீருக்காகக் குரல் கொடுத்த கதையை நாம்தான் சொல்லவேண்டும்!

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? இருந்தது, இருக்கிறது! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? தொழிலாளர் எல்லோருக்கும் வசதியான இடத்தில் நல்ல குடிநீர் போதிய அளவு வைக்கவேண்டும். பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதி வைக்கவேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், வெப்பக் காலத்தில் குளிர்ந்த நீர் தரவேண்டும். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் குடிநீரைக் கட்டாயமாக்கிற்று. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. ஆகவே பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பவர் வள்ளல் அல்லர், கடமையைச் செய்பவர். குடிப்பவன் இரவலன் அல்லன், உரிமையை எடுத்துக்கொள்பவன்!

புரியும் மொழியில் எழுதவேண்டும் என்றதைக் கவனித்தீர்களா? ஒடிசாவிலிருந்து வந்து நம் ஊரில் கம்பி கட்டுகிறானே, அவனுக்கும் அது புரியவேண்டும். தாகத்துக்கு மொழி வேற்றுமை கிடையாது. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேகவில்லையா? 2021ஆம் ஆண்டு கத்தார் அரசு, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை விதித்தது. வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும் என்றது. பாலைவன நாட்டிலே முடிகிற ஒன்று, பக்கத்துத் தெருவிலே ஏன் முடியாது?

இன்னொன்று. சித்தாள் வேலைக்கு வரும் நம் சகோதரி, பகல் முழுதும் தண்ணீரைத் தொடுவதில்லை. தாகமில்லையா அவளுக்கு? தாகம் உண்டு; ஒதுங்க இடமில்லை! கழிப்பிடம் கட்டாதவன் வைக்கும் குடிநீர்ப் பானை, அவளுக்குக் காட்சிப் பொருள்தான். தண்ணீர் கேட்கும்போது கழிப்பிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, கேட்டுப் பெறும்வரை நம் கையிலிருப்பதைச் செய்வோம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராதீர்கள். தாகம் தாமதமாக வரும் தந்தி! வெப்பத்தில் வேலை செய்யும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவு குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவேண்டாம். சிறுநீர் கருமஞ்சளானால் உடல் எச்சரிக்கிறது என்று பொருள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சாப்பாட்டு உப்பே பெரும்பாலானவர்களுக்குப் போதும். மணிக்கணக்கில் வியர்வை கொட்டும் வேலையானால், நம் வீட்டு நீராகாரம் இருக்கிறது, கூழ் இருக்கிறது, உப்பிட்ட நீர்மோர் இருக்கிறது. அதுவும் இல்லையா? 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கூடக்குறைய வேண்டாம். இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும். சாராயம் சதைவலிக்கு மருந்து என்பது பொய். உடலில் உள்ள நீரையும் அது வெளியேற்றும்!

வேலைக்குப் புதிதாக வந்தவனை முதல் இரண்டு வாரம் கண்காணியுங்கள். பழகிய உடல் வியர்வையில் உப்பைச் சிக்கனமாய்ச் செலவிடும். பழகாத உடல் வாரி இறைத்துவிடும். சதை பிடித்தால் வேலையை நிறுத்தி, நிழலில் அமர்த்தி, மெல்ல நீவி, இழுத்து நீட்டி, உப்பிட்ட மோரோ சர்க்கரைக் கரைசலோ கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் தீராவிட்டால் மருத்துவமனை. பேச்சுக் குழறினால், நினைவு தடுமாறினால், அது வெறும் பிடிப்பல்ல, உயிருக்கே ஆபத்து! உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறோம். தலைவர் வருகிறார், மாலை விழுகிறது, படம் எடுக்கிறோம், தர்ப்பூசணி வெட்டுகிறோம். மறுவாரம் போய்ப் பார்த்தால் கொடி பறக்கிறது, பானை காய்கிறது! கொடியையா குடிப்பான் கூலிக்காரன்? தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; அதில் மாண்டவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றது. அந்த இலட்சங்களை வாங்கும் நிலை எந்தத் தாய்க்கும் வராமல் தடுப்பது ஒரு குவளை நீர், ஒரு சிட்டிகை உப்பு, பத்து நிமிட நிழல்.

பந்தலைக் கடைவீதி முகப்பில் மட்டும் போடாதீர்கள். மூட்டை இறங்கும் இடத்தில் போடுங்கள்; செங்கல் சூளை வாசலில் போடுங்கள்; உப்பை விளைவித்துக் கொடுத்துவிட்டு உடலில் உப்பு வற்றி நிற்கிறானே தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி, அவன் பாத்தி ஓரத்தில் போடுங்கள். தினமும் நிரப்ப இருவர் பெயரைக் குறித்து வையுங்கள். அக்கினி நட்சத்திரத்தோடு மூட்டை கட்டிவிடாமல், புழுக்கம் தீரும்வரை வையுங்கள். அருகிலுள்ள ஆலையில், கட்டடத்தில் குடிநீர் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். சங்கத்தின் மூலம் கேளுங்கள். தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.

உழைப்பவன் சிந்திய வியர்வைக்கு முழு விலை கிடைக்கும் நாள் வரட்டும், வரவழைப்போம். அதுவரையில், சிந்திய நீரையும் உப்பையுமாவது அவனுக்குத் திருப்பிக் கொடுப்போம்!