முக்கோணத்தின் இரு பெயர்கள்

மூன்று நேர்க்கோடுகளால் அடைபட்ட உருவம் முக்கோணம் எனப்படும். பக்கங்களை நோக்கின் அது சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என மூவகைப்படும்; கோணங்களை நோக்கின் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என மூவகைப்படும். ஆதலின், ஒவ்வொரு முக்கோணத்திற்கும் பெயர் இரண்டு உண்டு. மாணவர் பலர் ஒன்றைச் சொல்லி மற்றதை மறந்துவிடுவர்.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஓட்டு வீட்டின் பக்கச்சுவரைக் காண்க. கூரையின் சரிவுகள் இரண்டும் ஒத்திருப்பின், அச்சுவரின் மேற்பகுதி இருசமபக்க முக்கோணமாகும். உச்சிக்கோணம் 90 பாகையினும் மிகுந்திருப்பின், அதுவே விரிகோண முக்கோணமும் ஆம். ஓலை வேய்ந்த குடிசையில், மழைநீர் விரைந்து வடியவேண்டிச் சரிவை மிகுதியாக்கினால், அக்கோணம் குறுகிக் குறுங்கோணமும் ஆகலாம்.

நிலம் அளப்போர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து பெருநில அளவையைத் தொடங்கினார். அம்முக்கோணத் தொடர் பின்னர்க் கோவை நாட்டையும் கடந்து தெற்கே சென்றது. அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், குன்றின் தொலைவைக் கணக்கிட்டு அறியலாம். ஆனால், குன்றினிடத்து அமையும் கோணம் மிகச் சிறிதாயின், அளவையில் நேரும் கடுகளவு பிழை தொலைவில் பெரும்பிழையாக விரியும். ஆகவே, அளவையாளர் நீண்டு மெலிந்த முக்கோணங்களை விலக்கி, கோணம் மூன்றும் ஏறத்தாழ 60 பாகையாய் அமைந்து சமபக்கத்தை ஒத்தவற்றையே கூடியவரை தேர்ந்தனர்.