பாட்டி கையில் கன்ட்ரோலர்

2006-ல் நின்டெண்டோ நிறுவனம் ‘வீ’ கேம் பெட்டியை இறக்கியபோது, அதன் கன்ட்ரோலர் டி.வி. ரிமோட் மாதிரியே இருந்தது. வீட்டில் யாரும் தொடத் தயங்காத பொருள் ரிமோட்தானே! கணக்கு பலித்தது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் ‘வீ’ பௌலிங் போட்டிகள் களைகட்டின.

ஆனால் அந்த எளிமையும் முழு எளிமை அல்ல. டென்னிஸில் கையை வீசினால் போதும். திரையில் இருக்கும் பொம்மை தானே ஓடிப்போய்ப் பந்தை அடிக்கும். பௌலிங் அப்படியில்லை. ரிமோட்டின் அடியில் இருக்கும் ‘பி’ பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையை வீசி, கை முன்னே வரும் நேரம் பார்த்து விரலை எடுக்க வேண்டும். கை பின்னே போகும்போதே விரல் தளர்ந்துவிட்டால் பந்து பின்னால் பறக்கும், அங்கே நிற்கும் கூட்டம் பதறித் துள்ளும். விரல் மூட்டு விறைத்தவர்களுக்கு அழுத்துவதைவிட, சட்டென்று விடுவதுதான் பெரும்பாடு.

தொடுதிரையாவது சுலபம் என்று நினைக்கிறோம். வயதானால் தோல் வறளும். வறண்ட விரல்நுனியைத் திரை சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. அழுத்தினால் கேட்கும் என்று இன்னும் அழுத்தினால், அது ‘நீண்ட அழுத்தம்’ ஆகி வேறெதையோ திறந்துவைக்கும்.

உண்மையான சோதனை இரட்டைக் குச்சிக் கன்ட்ரோலர்தான். சோனியின் ‘டூயல்ஷாக்’ 1997-ல் வந்தது. இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலால் பார்க்க வேண்டும். புதிதாகப் பிடிப்பவர், எந்த வயதானாலும், வானத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் போய் முட்டுவார்.

அப்படியானால் முதியவர்களுக்கு ஆட்டி விளையாடும் கன்ட்ரோலர்தான் சரியா? ஜப்பானின் ஹமாகோ மோரி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். 2020-ல், 90 வயதில், உலகின் மிக மூத்த கேமிங் யூடியூபர் என்று கின்னஸில் இடம்பிடித்தவர். அவர் ஆடுவது அந்த இரட்டைக் குச்சியில்தான். ஐம்பதைத் தாண்டியபின் 1981-ல் தொடங்கியவர். முதல் பெட்டி ‘கேசட் விஷன்’. அதில் தனிக் கன்ட்ரோலரே கிடையாது, திருகு குமிழ்கள் பெட்டியிலேயே இருந்தன. பட்டன்கள் பெருகப் பெருக அவர் விரல்களும் கூடவே பழகின. அவர் மட்டுமல்ல, ஜப்பானின் அகிதா பகுதியில் உள்ள ‘மட்டாகி ஸ்னைப்பர்ஸ்’ கேமிங் அணியில் அறுபதைக் கடந்தவர்கள் கீபோர்டும் மவுஸுமாகச் சுடும் கேம்கள் ஆடுகிறார்கள்.

ஆக, பட்டன் எத்தனை என்பதைவிட, பழகக் கிடைத்த காலம் எவ்வளவு என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கேம் நிறுவனங்களோ பழக்கத்தை மதிப்பதில்லை. ஜப்பானிய பிளேஸ்டேஷனில் கால் நூற்றாண்டாக ‘சரி’ என்றால் வட்டப் பட்டன். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் அதைப் பெருக்கல் குறிக்கு மாற்றிவிட்டார்கள்.