உங்களுக்குத் தெரியுமா?

அரியலூர் ஒரு காலத்தில் கடலடி!

இன்றைய கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் இந்த ஊர் சுண்ணாம்புச் சுரங்கங்களில், கல்லோடு கல்லாகச் சிப்பிகள் கிடைக்கின்றன. இங்கிருந்து சிமெண்ட் மூட்டையில் வருவதும் அந்தப் பழைய கடலின் சுண்ணாம்புதான்.

● வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டைத் தேடிப் பாருங்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடு. உள்ளே அறை அறையாகத் தடுப்பு. கடைசி அறையில்தான் உயிரி குடியிருந்தது. மற்ற அறைகள் மிதக்க. டைனோசர்கள் அழிந்த காலத்தோடு இந்த இனமும் முடிந்தது.

● பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-இல் அதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். தொட்டால் கல், பார்த்தால் மரம்!

● அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட டைனோசருக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர். பிருகத் காயம், அதாவது பெருத்த உடல். ஆனால் அருங்காட்சியகத்தில் அதன் எலும்புகளைத் தேட வேண்டாம்: அவை பொடிந்துபோய்விட்டன. மிஞ்சியவை படங்கள் மட்டுமே. உலகின் மிகப் பெரிய டைனோசர் இதுதானா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

● குளிர்காலத்தில் போனால் இதே மாவட்டத்தின் கரைவெட்டி ஏரியையும் எட்டிப் பாருங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இறங்கும் இடம். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.