கிருமியைக் கொல்லும் கிருமி!

குழந்தையின் நெற்றியில் தாய் முத்தமிடுகிறாள். உதட்டில் உப்புக் கரிக்கிறது. ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும் "கடற்காற்று" என்று சும்மா இருந்து விடுவாள்!

ஆனால், அது "சிஸ்டிக் பைப்ரோசிஸ்" என்ற பிறவி நோயாகவும் இருக்கலாம். அபூர்வமான நோய். இதில் வியர்வையில் உப்பு மிகும். நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகும். அங்கே "சூடோமோனாஸ்" என்ற கிருமி குடியேறும்.

வழவழப்பான கோட்டை

காசிமேட்டில், படகின் அடியில் வழவழவென்று பாசி படிகிறது அல்லவா? இந்தக் கிருமிகளும் அப்படி ஒரு படலம் கட்டி, உள்ளே ஒளிந்து கொள்ளும். மருந்து எளிதில் நெருங்க முடியாது.

கோட்டையை உடைப்பது யார்? இன்னொரு கிருமி!

ஸ்பெயின் நாட்டில், பார்சிலோனா விஞ்ஞானிகள் "மைக்கோபிளாஸ்மா" என்ற நுரையீரல் கிருமியின் தீய குணத்தைப் போக்கினார்கள். படலத்தைக் கரைத்து, சூடோமோனாசைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும்படி அதை மாற்றினார்கள். சூடோமோனாஸ் தாக்கிய எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிழைத்த எலிகள் இரு மடங்காயின! இது 2023-ல் வெளியான செய்தி.

மனிதருக்கு மருந்தாக இன்னும் பல சோதனைகள் வேண்டும்.

அதுவரை, தாய்மார்களே! ஓயாத சளி, தேறாத உடம்பு, உப்புக் கரிக்கும் நெற்றி மூன்றும் சேர்ந்தால், கடற்காற்றின் மேல் பழி போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வியர்வையைச் சோதித்தால் உண்மை தெரியும்.