கடை எதற்காக என்று முதலில் எழுதிவைப்போம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் நடத்தும் கடைகள் பல கூட்டாகத் தொடங்கப்பட்டவை. ஓரூரவர், ஒரே பாடசாலையில் படித்தவர், அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தெழும்பியவர் என இருவர் மூவர் சேர்ந்து, சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த பணத்தையும் ஒன்றாக்கிப் பலசரக்குக் கடையொன்றைத் திறக்கின்றனர். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, எல்லோரையும் அழைத்து விருந்து வைக்கின்றோம். சில வருடங்களில் அதே நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வழக்கறிஞரின் படியேறுவதையும் கண்டிருக்கின்றோம்.

கணக்கில் பிழை என்றே வெளியில் பேசப்படும். உள்ளே சென்று விசாரித்தால் வேறொன்று தெரியவரும். ஒருவர் வரும் லாபத்தை எடுத்து ஊரிலுள்ள தங்கையின் திருமணத்திற்கு அனுப்ப எண்ணியிருப்பார். மற்றவர் அதே லாபத்தைக் கொண்டு இரண்டாவது கடை திறக்க எண்ணியிருப்பார். இரண்டும் நியாயமான எண்ணங்களே. முதல் நாளிலேயே அவற்றை ஒரு தாளில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டவில்லை என்பதுதான் குறை.

அந்தத் தாளுக்கு வணிகத்துறையினர் இரு பெயர்கள் வைத்துள்ளனர். ஒரு தொழில் பல வருடங்களின் பின் எந்நிலையை அடைய விரும்புகிறது என்று கூறுவது தூரநோக்கு. அந்நிலையை அடைய யாருக்கு, எதை, எம்முறையில் நாள்தோறும் செய்வோம் என்று கூறுவது பணிக்கூற்று. வங்கியிற் கடன் கேட்போரிடம் தொழிற்றிட்டம் கோரப்படும்போது முதற் பக்கங்களிலேயே இவையும் எதிர்பார்க்கப்படுவதுண்டு. எம்மவர் பலர் அப்பக்கத்தைக் கணக்காளரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். அவரும் முன்பு வேறொரு கடைக்கு எழுதியதையே பெயர் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். "தரமான பொருள், சிறந்த சேவை" என்று அதில் இருக்கும். தரமற்ற பொருளை விற்போம் என்று எழுதிய கடை உலகில் உண்டோ?

இத்தகைய பெயர்கள் வழக்கிற்கு வருமுன்னரே இதனைச் செய்து காட்டியவர்கள் சாதாரண உழைப்பாளிகள். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளரும் வேறு தொழிலாளருமாக 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் திகதி டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கடையைத் திறந்தனர். அன்று அவர்கள் விற்பனைக்கு வைத்தவை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி மாத்திரமே. எமது கடைகளின் ஒரு தட்டுக்குக்கூடப் போதாத சரக்கு! ஆயினும் அவர்களின் சங்க விதிகளின் முதற் பிரிவைப் படிப்போர் வியப்படைவர். கடை நடத்துதல், அங்கத்தவருக்கு வீடு கட்டுதல், வேலை இழந்தோருக்கும் கூலி குறைக்கப்பட்டோருக்கும் தொழில் கொடுக்க உற்பத்தி தொடங்குதல், நிலம் வாங்கிப் பயிரிடுதல், இறுதியில் தம் தேவைகளைத் தாமே நிறைவேற்றும் ஒரு குடியிருப்பை அமைத்தல் என்று அது விரிந்து செல்கிறது. அதுவே தூரநோக்கு.

நாளாந்த நடைமுறையும் அதேயளவு தெளிவாக இருந்தது. கலப்படமற்ற பொருள், குறையாத நிறை, கடன் இல்லை, ஒருவருக்கு ஒரு வாக்கு, வாங்கிய பொருளின் அளவுக்கேற்ப லாபத்திற் பங்கு. கடைக்காரர்கள் கலப்படம் செய்தும் கடனில் மக்களைக் கட்டிவைத்தும் பிழைத்த காலத்தில் எழுதப்பட்டவை இவை. கடன் கொப்பி இல்லாத எம்மவர் கடையைக் காண்பது அரிது. ஆகையால் "கடன் இல்லை" என்று எழுதுவது எத்துணை கடினம் என்பதை எமது கடைக்காரர் உணர்வர். வாடிக்கையாளர் சிலர் மனம் நோவர் என்று தெரிந்தே அவர்கள் அதனை எழுதினர். ஊரிற் கூப்பனுக்கு அரிசியும் சீனியும் வாங்கிய எமது சங்கக்கடைகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், டோட் லேனையே அடைவோம்.

எதைச் செய்யமாட்டோம் என்பதைப் போலவே யார் முதலில் என்பதும் எழுதப்படல் வேண்டும். அமெரிக்காவின் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்திற்காக ரொபர்ட் வூட் ஜோன்சன் 1943இல் ஒரு பக்கக் கூற்று எழுதினார். பொருட்களைப் பயன்படுத்துவோர் முதலில், தொழிலாளர் அடுத்து, பங்குதாரர் கடைசியில் என்று அதில் வரிசை இடப்பட்டிருந்தது. 1982இல் சிக்காகோ பகுதியில் அந்நிறுவனத்தின் டைலனோல் மாத்திரைகளில் யாரோ சயனைட் கலந்ததால் 7 பேர் மாண்டனர். நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களை நாடெங்கிலுமிருந்து மீளப் பெற்றது. 10 கோடி டொலருக்கு மேல் செலவாயிற்று. முடிவெடுக்க அந்தக் கூற்றே வழிகாட்டியது என்று அப்போதைய தலைவர் ஜேம்ஸ் பேர்க் கூறினார். பின்னாளில் அதே நிறுவனம் குழந்தைப் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளை எதிர்கொண்டதையும் இங்கு சொல்லவேண்டும். சுவரில் மாட்டிய தாள் எக்காலத்திற்கும் காவல் நிற்பதில்லை. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்ற நான்கு சொற்களைத் தன் கொள்கையாக அறிவித்திருந்த என்ரோன் நிறுவனம், கணக்கு மோசடிகள் வெளிப்பட்டு, 2001 டிசம்பரில் முறிந்து விழுந்ததை உலகம் அறியும்.

எமது கடைகளுக்கு ஒரு பக்கம் போதும். அது முதலில் தமிழிலேயே எழுதப்படட்டும். பணம் போட்ட மாமாவுக்கும் கல்லாவில் இருக்கும் மனைவிக்கும் விளங்காத கூற்று வங்கிக்கு மாத்திரமே உதவும். வாழும் நாட்டு மொழிக்குப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். லாபத்தில் எவ்வளவு வீட்டிற்கு, எவ்வளவு கடைக்கு, ஐந்தாம் வருடத்தில் ஒரு கடையா இரு கடையா என்பன அதில் இருக்கவேண்டும். காலாவதியான பொருளை விலை குறைத்தும் விற்கமாட்டோம் என்பது போல, காசு நட்டப்படும் வாக்கியம் ஒன்றேனும் இருக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் கடையில் வேலை செய்யும் பொடியனுக்கு அதனை வாசித்துக் காட்டலாம். அவன் பெரும்பாலும் விசாரணை முடிவுக்குக் காத்திருக்கும் அகதி. நாட்டின் சட்டப்படியான சம்பளமும் ஓய்வு நாளும் அவனுக்கு உண்டா என்று அத்தாள் சொல்கிறதா? "எம்மவருக்குக் கைகொடுப்போம்" என்று மேலே எழுதிவிட்டு, கீழே அவன் பெயரில்லாமல் விடுவோமாயின், வாசிக்கும்போது எமது குரலே தடுமாறும்.

புதிய பங்காளி ஒருவர் பணத்தோடு வரும் நாளில்தான் அத்தாள் மிகவும் தேவைப்படும். ரொச்டேல் முன்னோடிகள் 1854இல் தொடங்கிய பருத்தி ஆலையில், லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளருக்கும் உரியது என்று விதித்திருந்தனர். ஆலை செழித்தது. லாபத்தைக் கண்டு பங்கு வாங்கிச் சேர்ந்தோர் தொகை பெருகியது. 1862இல் அவர்கள் வாக்கெடுத்து அவ்விதியை நீக்கிவிட்டனர். ஆகையால், பணத்தை எண்ணி வாங்குமுன் புதியவரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, வாசித்துக் கையொப்பமிடச் சொல்வோம். தயங்குவாராயின் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.