சிறிய அணு உலைக்கு உரிமம்

கிள்ளானின் ஆலைகளும் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியும் இரவு பகலாக மின்சாரத்தைச் செலவிடுகின்றன. அம்மின்சாரத்துக்காகக் காப்பாரில் நிலக்கரி எரிக்கப்படுவதை நாம் அறிவோம். அணுசக்தியையும் ஆராயலாம் என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம் கூறுகிறது. 300 மெகாவாட்டுக்கு மேற்படாத மின்சாரம் தருபவையே சிறிய உலைகள் எனப்படுகின்றன. அவற்றுக்கு உரிமம் எப்படி வழங்கப்படுகிறது?

நம் நாட்டில் அணு உலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாங்கியில் 1982 ஜூன் 28ஆம் நாள் ஓர் ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் ஒரு மெகாவாட், மின்சாரம் தருவதன்று. (அங்கு 1989 முதல் இயங்கும் வேறொரு கதிர்வீச்சுக் கூடத்தில் கிருமி நீக்கப்படும் பொருள்களில், நம் பால்மரம் தந்த ரப்பர் கையுறைகளும் உண்டு.) உலை 1982இல் வந்தது, அணுசக்தி உரிமச் சட்டமோ 1984இல்தான் இயற்றப்பட்டது. உரிம வாரியம் 1985இல் அமைந்தது. மின் உலையைப் பொறுத்தவரை இந்த வரிசை ஆகாது. சட்டமே முந்த வேண்டும்.

உரிமம் ஒரே தாளில் முடிவதன்று. இடத்துக்கு, கட்டுவதற்கு, இயக்குவதற்கு, ஆயுள் முடிந்தபின் கலைப்பதற்கு என்று படிப்படியாக அனுமதி பெறுவதே உலக வழக்கம். பால்மரக் கன்றை நட்ட மறுநாளே நாம் கத்தி வைப்பதில்லையே! ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, சுற்றளவை அளந்து பார்த்த பின்பே சீவத் தொடங்குகிறோம். பருக்காத மரத்தை யாருடைய அவசரத்துக்காகவும் சீவுவதில்லை.

இடத்தைத் தெரிவு செய்யும்போதே, சுற்றிலும் வாழ்வோர் எத்தனை பேர், ஆபத்தில் அவர்கள் வெளியேறச் சாலை உண்டா என்று பார்த்தாக வேண்டும். நிலம் விரிந்தும் வீடுகள் குறைந்தும் உள்ள தோட்டப்புறத்தாருக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது.

அடுத்தது, உலையை நிறுத்தியபின் என்ன ஆகும் என்பது. விறகை இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கனல்வதுபோல், நின்ற உலையிலும் வெப்பம் எழுந்துகொண்டே இருக்கும். 2011இல் ஜப்பானின் புக்குஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், இயங்கிய மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. ஆனால் ஆழிப்பேரலை அவசர மின்பொறிகளை மூழ்கடித்ததால், குளிர்விக்க வழியின்றி அவை உருகின. சிறிய உலைகள் பலவற்றில் மின்சாரமின்றியே நீர் தானாகச் சுழன்று குளிர்விக்கும் என்கின்றனர், அவற்றை வடிவமைத்தோர். சொன்னால் போதாது, மெய்ப்பித்தாக வேண்டும். அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனம் 2016 இறுதியில் அளித்த வடிவமைப்புக்கு 2023 ஜனவரியில்தான் சான்று கிடைத்தது.

கனடாவின் டார்லிங்டனில் 300 மெகாவாட் உலை ஒன்றைக் கட்ட 2025 ஏப்ரலில் உரிமம் வழங்கப்பட்டது. கட்டி முடித்தாலும், அதை இயக்குவதற்கு வேறோர் உரிமம் பெற வேண்டும்.