தானாகத் திரும்பும் ஹெலிகாப்டர்

விசையைக் கூட்டியதும் பொம்மை ஹெலிகாப்டர் மேலெழும்புகிறது. திருப்பும் பிடியை நாம் தொடாதபோதும் அதன் முகப்பு ஒரு பக்கமாகத் திரும்புகிறது; சில நொடிகளில் பம்பரம்போல் சுற்றிச் சுவரில் மோதுகிறது. இக்குறை ஏன் உண்டாகிறது? இதனை எவ்வாறு நீக்கலாம்?

காரணம்

மோட்டார் இறக்கைகளை ஒரு திசையில் சுழற்றும்போது, ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்ப முற்படும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதற்கு அடிப்படை. ஒரு பெரிய சுழலி மட்டும் உடைய ஹெலிகாப்டர்கள் பலவற்றில், வாலிலுள்ள சிறு சுழலி இத்திருப்பத்தைத் தடுக்கிறது.

இரட்டைச் சுழலி ஹெலிகாப்டரின் அமைப்பு வேறு. அதில் ஒரே அச்சில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள் உள்ளன. மேலிருந்து நோக்கினால் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் சுழலும். இரண்டின் திருப்புவிசையும் சமமாக இருக்கும்வரை உடல் திரும்பாது. சமன் குலைந்தால் திரும்பும். சில பொம்மைகளின் வாலில் வானத்தை நோக்கிய சிறு சுழலி ஒன்று இருக்கும். அது முன்னும் பின்னும் செல்ல உதவுவது, திருப்பத்தைத் தடுப்பதன்று.

குறையைக் கண்டறிதல்

பெரும்பாலும், உடல் எத்திசையில் திரும்புகிறதோ அத்திசையில் சுழலும் சுழலியே வலுக்குறைந்தது. உடல் இடஞ்சுழியாகத் திரும்பினால், இடஞ்சுழியாகச் சுழலும் சுழலியை முதலில் ஆராய வேண்டும். எளிய சோதனையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் நன்று. பலவற்றை ஒருசேர மாற்றினால், எது பயன் தந்தது என்பது விளங்காது.

1. மின்கலத்தை முழுமையாக மின்னேற்றுக. அதனை இணைத்தபின் சில நொடிகள் ஹெலிகாப்டரைச் சமதளத்தில் அசையாமல் வைக்க வேண்டும். திருப்பத்தை உணரும் ஜைரோ கருவி, அந்நேரத்தில்தான் தன் தொடக்க நிலையைக் குறித்துக்கொள்ளும்.

2. காற்று வீசாத அறையில் தாழப் பறக்கவிட்டு, ரிமோட்டிலுள்ள டிரிம் பொத்தானைத் திருப்பத்திற்கு எதிர்ப்புறமாகச் சிறிது சிறிதாக அழுத்துக. சிறு திருப்பம் இதனாலேயே நின்றுவிடும்.

3. திருப்பம் நீடித்தால், மின்கலத்தைக் கழற்றிவிட்டு இறக்கைகளைப் பார்க்க வேண்டும். முனை உடைந்ததையும் வளைந்ததையும் மாற்றுக. மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் இடம் மாறியிருத்தல் கூடாது.

4. சுழலிகளைக் கையால் மெல்லச் சுழற்றுக. ஒன்று இறுக்கமாக இருந்தால், அதன் அச்சில் தலைமயிரோ நூலோ சுற்றியிருக்கலாம், பற்சக்கரத்தில் தூசி படிந்திருக்கலாம், அச்சு வளைந்திருக்கலாம்.

5. இவை யாவும் சீராக இருந்தும் திருப்பம் நிற்கவில்லையெனில், அச்சுழலியை இயக்கும் மோட்டார் தேய்ந்திருக்கக்கூடும். பெரியவர் துணையுடன் அதனை மாற்றலாம்.

செவ்வாயில் பறந்தது

இவ்வமைப்பு பொம்மைக்கு மட்டும் உரியதன்று. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய 1.8 கிலோகிராம் நிறையுள்ள இன்ஜெனுயிட்டியும் இரட்டைச் சுழலி ஹெலிகாப்டரே. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், ரிஷிவேலி பள்ளியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். பங்காருபாளையத்திலிருந்து பலமனேர், புங்கனூர் வழியாகச் செல்லும் சாலை மதனப்பள்ளியை அடையும். ரிஷிவேலி அதன் அருகில் உள்ளது.

2021 ஏப்ரல் 9 அன்று, சுழலிகளை முழு வேகத்தில் சுழற்றும் சோதனை இடையிலேயே நின்றது. செவ்வாய்க்குச் சென்று கழற்றிப் பார்க்க இயலுமா? பொறியாளர்கள் வந்த தகவல்களைக் கொண்டே காரணத்தை ஆராய்ந்து, கட்டளை வரிசையைச் சற்று மாற்றி அனுப்பினர். ஏப்ரல் 19 அன்று அது பறந்தது. 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்தது. கையில் இருக்கும் பொம்மைக்கும் கைக்கு எட்டாத கோளில் உள்ள பொறிக்கும் முறை ஒன்றே: காரணத்தை எண்ணிப் பார்த்த பின்னரே கருவியில் கை வைக்க வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. மேல் சுழலி வலஞ்சுழியாகவும் கீழ்ச் சுழலி இடஞ்சுழியாகவும் சுழல்கின்றன. உடல் வலஞ்சுழியாகத் திரும்பினால், எந்தச் சுழலியை முதலில் ஆராய்வீர்கள்? ஏன்?

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதன் பயன் யாது?